மூன்று நாளைக்கு ஒருமுறை

தாலின் நகரில் டிராம் ஓட்டுகிறாள் ஹெல்யே.
வயது ஐம்பத்திமூன்று.
இடது மார்பு இல்லை.
அது போன வருஷத்துக் கதை,
ஊருக்கே சொல்லியாயிற்று.
பூங்கொத்து வந்தது, சூப் வந்தது,
டிப்போவில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதைத்தான்
யாரிடமும் சொல்லவில்லை.

இருக்கையில் எட்டு மணி நேரம்.
கோப்லி வளைவில் வண்டி திரும்ப
உடம்பும் கொஞ்சம் திரும்பியாக வேண்டும்.
அப்போது உள்ளே
காய்ந்த துணி காய்ந்த துணியோடு உரசும்.
சிறுநீர் இறங்கினால் புண்ணில் எலுமிச்சை.
இரவில் கல்யோவின் கை
இடுப்புக்கு வரும் முன்பே
"தலைவலி" என்பாள்.
ஒரு வருஷமாகத் தலைவலி.
நல்ல மனுஷன். எழுந்து போய்
மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவருவான்.
அதுதான் தாங்கவில்லை.

"வேறு ஏதாவது?" என்றாள் டாக்டர்,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
ஒன்றுமில்லை என்று எழுந்து
கதவுப்பிடியைத் தொட்ட பிறகு
"அங்கே" என்றாள் ஹெல்யே.
எங்கே?
அங்கே.
நாற்காலி திரும்பியது.
"யோனியிலா?"
முழங்காலா என்று கேட்பதுபோல
அத்தனை சாதாரணமாக.

ஈஸ்ட்ரோஜன் உனக்கு வேண்டாம்,
உன் கட்டி அதைத் தின்றுதான் கொழுத்தது.
ஹார்மோன் இல்லாத லோஷன் இருக்கிறது,
வெறும் ஈரம் தருவது.
மூன்று நாளைக்கு ஒருமுறை, படுக்கும் முன்.
அவருக்காக இல்லை,
வலிக்கும் அன்றைக்கு மட்டும் என்றும் இல்லை.
முகத்துக்குப் போடுகிறாயே, அப்படி.

மருந்துக்கடைப் பையன்
வாசனை உள்ளதா, இல்லாததா என்றான்.
"இல்லாதது!"
டிராமில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில் வந்துவிட்டது.
பின்னால் கம்பளித் தொப்பிக்காரர்
இருமல் மருந்துச் சீட்டை
முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.

முதல் ராத்திரி,
குளியல் தொட்டி விளிம்பில் ஒரு கால்.
குழாயின் முனை ஜில்லென்று
ஜனவரி மாதமே உள்ளே போனதுபோல்.
தனியாகச் சிரித்தாள்.
அடுத்த முறை அதை
ஹீட்டர் மேல் வைத்து எடுத்தாள்.
ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை.
பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா
என்றுகூட யோசித்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை.
கோப்லி வளைவில் இரண்டு பேர்
மண்டியிட்டுத் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்கள்.
கையசைத்து விலகினார்கள்.
வண்டி கீச்சிடாமல் திரும்பியது.
தானும் திரும்பியதை
அடுத்த நிறுத்தத்தில்தான் கவனித்தாள்.
கதவு திறந்தே கிடந்தது,
யாரோ பின்னாலிருந்து
"போகலாமா, அம்மா?" என்றார்கள்.

அன்றிரவு விளக்கை அணைக்கவில்லை.
"கல்யோ, எனக்குத் தலைவலியே கிடையாது.
இந்த வருஷம் ஒருநாள்கூட."
எல்லாவற்றையும் சொன்னாள்,
டாக்டர் சொன்ன அந்த வார்த்தையோடு.

அவன் வெகுநேரம்
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"அப்போ அந்த மாத்திரையெல்லாம்?"

ஜன்னலில் இருந்த ஜெரேனியத்தைக் காட்டினாள்.

"பாவம்," என்றான்,
"அதற்கும்தான் வலித்திருக்கும்."
பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே,
"குழாயை நான் சூடுபண்ணித் தரட்டுமா?"

அது வியாழக்கிழமைக்கு, என்றாள்.
இன்றைக்குச் சும்மா படு.