கோழிக் கடிகாரம்

மாத்திரை சின்னது. மஞ்சள்.
நாக்கில் தங்கினால் கசக்கும், அவ்வளவுதான்.
விழுங்கிவிட்டுச் சமையலறைக் கோழியின் கழுத்தைத்
திருகுகிறேன்.
முட்டை வேகவைக்க வாங்கிய கடிகாரம்.
அறுபது நிமிடம்.
பிறகு குடிக்கலாம்.

குடிக்கலாம் என்றுதான் சொன்னாள்
கெமி நகர மருத்துவமனையில் டாக்டர் சைமா.
காது சரியில்லையோ என்று
இரண்டாம் முறை கேட்டேன்.
"குடிக்கிற நாளில் மட்டும் மாத்திரை.
மாத்திரை போடாமல் ஒரு மடக்கும் வேண்டாம்."
முப்பது வருடத்தில் என்னிடம்
குடிக்காதே என்று சொல்லாத முதல் ஆள்.
கண்ணில் பனி விழுந்துவிட்டது என்றேன்,
கதவு சாத்திய அறைக்குள்.

அண்ணன் தைஸ்தோ சிரித்தான்.
பதினோரு வருடமாக ஒரு சொட்டுத் தொடாதவன்,
செவ்வாய்தோறும் தேவாலய நிலவறையில்
நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறவன்.
"மழையில் நின்றுகொண்டே தலை துவட்டுவாயா, அவுலி?"
பதிலில்லை என்னிடம்.
துவட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஒரு மணி நேரம்தான் பொல்லாதது.
ஜன்னலுக்கு வெளியே போத்னியா வளைகுடா
வெள்ளைத் தரையாகக் கிடக்கிறது.
பனியுடைக்கும் கப்பலின் ஒற்றை விளக்கு
நகர்கிறதா நிற்கிறதா தெரியவில்லை.
உருளைக்கிழங்கு உரிக்கிறேன்,
ஒருத்தி தின்ன முடியாத அளவுக்கு.
விடியற்காலை நாலு மணிக்குப் பனி வாரும் வண்டி;
குழாயில் ஊதிக் காட்டினால்தான்
எஞ்சின் உயிர்க்கும்.
நகராட்சிக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.
எனக்கும்தான்.
இன்னும் இருபத்திரண்டு நிமிடம் என்கிறது கோழி.
இன்னொரு கிழங்கு.

முதல் மடக்கு.
அதே நுரை, அதே கசப்பு.
ஆனால் பழகிய வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்,
உள்ளே விளக்கு எரிகிறது,
காலடிகூடக் கேட்கிறது,
யாரும் திறப்பதில்லை.

இதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை:
தாகம் சாகும்போது
அதற்கும் ஒருத்தி
துக்கம் காக்க வேண்டியிருக்கும் என்று.

சைமா கேட்டபடி நோட்டில் எழுதுகிறேன்.
பதினாலு. பதிமூன்று. பதினாறு. ஒன்பது.
பன்னிரண்டு. ஆறு. பதினொன்று.
படியிறங்குகிற எண்கள் அல்ல இவை,
குடித்தவள் நடை.

ஜூனில் ஒருமுறை ஏமாற்றினேன்.
சூரியன் மறையாத இரவு,
கரையில் ஊரே தீ மூட்டி ஆடுகிறது,
மாத்திரை என் கைப்பையில் தூங்குகிறது.
வந்தது.
வாலை ஆட்டிக்கொண்டு வந்தது பழைய சுகம்,
நான் எங்கேயும் போகாதவள் போல
முகமெல்லாம் நக்கியது.
மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.
திட்டுவாள் என்று போனைக்
காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
"சரி" என்றாள் சைமா.
"அடுத்த முறை கோழியைக் கூட்டிப் போங்கள்."

போன வியாழக்கிழமை
கையுறையின் கட்டைவிரல் கிழிசலைத்
தைத்துக்கொண்டிருந்தேன். தடித்த தோல்,
ஊசி உள்ளே போக மறுத்தது.
கோழி அலறியது.
எழுந்து போய் அதன் வாயை அடைத்துவிட்டு
வந்து மீண்டும் ஊசியைப் பிடித்தேன்.

காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால்
குளிரட்டும் என்று வைத்த பீர் டப்பா
உறைந்து, வயிறு வெடித்து,
மஞ்சள் பனிக்கட்டியைக் கக்கியபடி கிடக்கிறது.
மைனஸ் இருபத்து நாலு.
செருப்பில்லாமல் நின்றேன் அதன் எதிரே.
ஒளித்து வைத்திருக்கிறேன், எண்ணி வைத்திருக்கிறேன்,
பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால்
பதுக்கியும் வைத்திருக்கிறேன்.
மறந்து வைத்ததில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
தைஸ்தோவுக்குப் போன் போட்டேன்.
"என்ன, இவ்வளவு காலையில்?"
அவன் குரலில் பழைய பயம்:
எந்தச் சாக்கடையோரம், எந்தக் காவல் நிலையம்.
டப்பாவைப் பார்த்தேன்.
வாய் வரவில்லை.
வெற்றி என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?
இன்று மாலையும் கோழியைத் திருகத்தான் போகிறேன்.

"உருளைக்கிழங்கு நிறைய மிஞ்சிக் கிடக்கிறது" என்றேன்.
"உரித்ததுதான்.
வந்து கொஞ்சம் எடுத்துப் போ."