அரை விரற்கடை

வரைபடத்தில் அது ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே கல், சர்ஃபராஸின் ஆட்கள்.
கோட்டுக்கு மேலே பலகை, ரெனாட்டோவின் ஆட்கள்.
கோடு யாருடையது என்று
எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.
தகரம் மடிப்பவன்.
வீட்டில் வைத்த பெயர் தெய்வசிகாமணி,
கூலிப் பட்டியலில் டெய்வா.

ராஸ் அல் கைமாவில்
மலை கடலைப் பார்த்திருக்கும் பக்கம்
பதினேழாம் எண் வில்லா.
இடுப்பளவுக்குக் கல்.
கல்லென்றால் முழுக்கல் இல்லை,
சீவி எடுத்த தோல், இரண்டு விரல் கனம்.
அதற்கு மேல் சிமென்ட் பலகை,
மரம் என்று நம்பும்படி வரி ஓடவிட்டது.
இரண்டுக்கும் நடுவே
தகரமாகவே இருந்தது
என் தகரம் மட்டும்.

ஓரிடத்தில் கல் ஏழு மில்லி கூடிவிட்டது.
ரெனாட்டோ மட்டக்கோலை வைத்துக் காட்டினான்.
சர்ஃபராஸ் எதிரே கையை நீட்டி
தளத்து இந்தியில் கேட்டான்,
அந்த மலை மட்டமாகவா இருக்கிறது?
அதன்பின் பத்து நாள்
ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை
என்னிடம் சொன்னார்கள்.

கல் துருத்தும், பலகை உள்வாங்கும்.
துருத்தலின் தலையில் மழை வந்து உட்காரும்.
உட்காரவிடக் கூடாது.
மேல்மடிப்பு,
பலகைக்குப் பின்னால் காகிதம்,
காகிதத்துக்கும் பின்னால் ஏறிப்போக வேண்டும்.
நடுமடிப்பு சற்றே சரிய வேண்டும்.
கீழ்மடிப்பு கல்லின் நெற்றி தாண்டி
மூக்கை நீட்ட வேண்டும்.
அப்புறம்
பலகையின் அடிக்கும் தகரத்துக்கும் இடையே
அரை விரற்கடை
ஒன்றும் வைக்காமல்.

ஆகஸ்ட்.
பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வேலை கிடையாது.
பலகைகள் வெயிலில் நீண்டன,
நாங்கள் நிழலில் நீண்டோம்.

வீட்டுக்காரி மௌஸா வந்தார்.
இடைவெளியில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.
பல்லி குடியேறும் என்றார்.
எஞ்சினியர் வஹீத் என்னைப் பார்த்தான்.
சிலிகான் அடி.
அடிக்கக் கூடாது.
நீ எஞ்சினியரா?
இல்லை.
நானா?
ஆமாம்.
அடி.

அடித்தேன்.
விரலை நனைத்து
குழந்தைக்கு மை தீட்டுவதுபோல் இழுத்துவிட்டேன்.
செய்யக் கூடாததையும்
கோணலாகச் செய்ய வரவில்லை எனக்கு.
மூன்று பக்கம் முடிகையில் குழாய்கள் தீர்ந்தன.
மிச்சம் சமையலறைப் பக்கம்.
அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்றான் வஹீத்.
கேஸ் சிலிண்டரும் குப்பைத்தொட்டியும்தான்.

ஜனவரியில் இரண்டு இரவு மழை.
வாடி மலையிலிருந்து சேறும் டயருமாக இறங்கியது.
ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

மூன்று பக்கமும் பலகையின் அடி
டீயில் விழுந்த ரஸ்க்காக உப்பியிருந்தது.
ஜன்னலோரம் எங்கோ உள்ளே போன நீர்
வந்த வழியும் தெரியாமல்
போகிற வழியும் இல்லாமல்.
சிலிகான் மட்டும்
அன்று இழுத்த மெருகு குலையாமல்
ஒரு சொட்டையும் வெளியே விடாமல்
காவல் காத்துக்கொண்டிருந்தது.

சமையலறைப் பக்கம் காய்ந்து கிடந்தது.
இடைவெளியில் நிஜமாகவே ஒரு பல்லி,
வெளிறி, வாலைச் சுருட்டி.
மௌஸா குனிந்து பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
இவரிடம் வாடகை கேட்காதீர்கள் என்றார்.

பிளேடு வைத்து அறுத்தேன்.
சர்ஃபராஸ் ஒரு முனையைப் பிடித்தான்,
ரெனாட்டோ மறுமுனையை.
நீளமாக, கிழியாமல் வந்தது.
பின்னாலேயே நீர்
என் மணிக்கட்டில்,
வெதுவெதுப்பாக,
ஏழு நாள் இருட்டில் இருந்த வாசனையோடு.
மூவரும் பேசவில்லை.
பேச என்ன இருக்கிறது, சொட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் வஹீத் பில் எழுத உட்கார்ந்தான்.
கல், சதுர மீட்டர் கணக்கு.
பலகையும் அப்படியே.
தகரம், ஓட்ட மீட்டர்.
இடைவெளி?
பேனாவைக் கடித்தான்.
அது வரிசையில் இல்லை.
கடைசியில்,
சிலிகான் அறுத்தது, அரை நாள் கூலி
என்று எழுதி
டெய்வா, இங்கே கையெழுத்து என்றான்.