ஏழாம் எண் கூண்டு

சில்லறை கேட்டால் கை முதலில் போகும்,
கண் பிறகுதான்.
ஐந்தா பத்தா என்று
நாணயத்தின் விளிம்பே சொல்லிவிடும்.
ஓமலூர்ச் சுங்கச்சாவடி, ஏழாம் எண் கூண்டு,
ஆறு வருஷம்.
கிழிந்த நோட்டை மடிப்புக்குள் வைத்து நீட்டுகிறவன்
பிரேக் போடும்போதே தெரிந்துவிடுவான்.
மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி
ஒரு மாதிரி முனகும்;
இரும்பாலைச் சுருள் என்றால்
தரை முதலில் பேசும்.
நாமக்கல் முட்டை வண்டி
பேசவே பேசாது.

பிறகு கண்ணாடியில் ஒட்ட ஒரு வில்லை வந்தது.
வண்டிகள் நிற்க மறந்தன.
எங்கள் ஷிப்டில் பதினோரு பேர்.
மிஞ்சியது இரண்டு.
நான் அதில் இல்லை.

இப்போது ஐந்து ரோட்டில்
நகைக்கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
ஏசி உண்டு. செருப்பு வெளியே.
திரையில் ஒரு சாலை வரும்;
ஒவ்வொரு வண்டியையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும்.
லாரிக்கு நீலம், பேருந்துக்குப் பச்சை,
ஆட்டோவுக்கு மஞ்சள், அது மட்டும் நியாயம்.
கட்டத்துக்கு நாற்பது பைசா.
விளிம்பு இரண்டு புள்ளி தள்ளினால்
அதுவும் இல்லை.

முதல் வாரம் மவுஸ் என் கையில் நிற்கவில்லை.
பக்கத்து இருக்கை ஜெபசீலி, எம்.எஸ்சி. கணிதம்,
"வேகம் தன்னால வரும்க்கா" என்றாள்.
வந்தது.
ஆனால் தார்ப்பாய் போர்த்த டெம்போவை
அவள் லாரி என்பாள்.
நான் அச்சைப் பார்ப்பேன்,
பின்சக்கரம் ஒற்றையா இரட்டையா என்று.
கட்டணமே அதில்தானே இருந்தது.
நவநீதன் சார் ஒருநாள் என் மதிப்பெண்ணைப் பார்த்து
"எங்கே படிச்சீங்க?" என்றார்.
"ரோட்டுல" என்றேன். சிரித்தார்.
சம்பளத்தில் அது ஏறவில்லை.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.
ஒரு கேமரா கற்றுக்கொள்கிறது என்றார்,
மனுஷர் பார்க்காமலே வண்டியை இனம் காண.
கற்றுக்கொண்டதும்?
டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனார்.

நேற்று மாலை, நாலாயிரத்துச் சொச்சமாவது படம்.
பழைய படம்.
பின்னால் சேர்வராயன் மலை, பாதிக்கு மேல் மேகம்.
தெரிந்த வளைவு. தெரிந்த வேகத்தடை.
கூண்டின் சன்னலுக்கு வெளியே ஒரு கை
முழங்கை வரை.
நோட்டுக் கட்டப் போடுகிற ரப்பர் பேண்டு
மணிக்கட்டில் இரண்டு, சிவப்பு.
என் கைதான்.
வேறு யாரும் இரண்டு போட்டதில்லை.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினேன்.
லாரி, பேருந்து, கார், இருசக்கரம்,
மாடுகூட இருக்கிறது.
கைக்கு நிறம் இல்லை.
விதி பன்னிரண்டு:
மற்றவை எல்லாம் பின்புலம், விட்டுவிடவும்.

விட்டுவிட்டேன்.
கைக்கு எதிரே நின்ற முட்டை வண்டியைச் சுற்றி மட்டும்
ஒரு புள்ளி பிசகாமல்
நீலக் கட்டம்.
அந்த டிரைவர் மீதியை வாங்கினானா என்று
படத்தில் தெரியவில்லை.