குளியல் தொட்டி

பீடோங் பழைய சாலையில்
ரப்பர் ஆலையை இடித்த இடத்தில்
கூரை காணாத பதினோரு கடைவீடுகள்.
மேம்பாட்டாளர் ஓடிப்போய் ஒன்பது வருஷம்.
ஞாயிறு காலை ஏழு மணி,
மண்வெட்டியும் பாராங்குமாக நாங்கள் எட்டுப் பேர்.

சங்கத்தின் பொருளாளர் நான்.
ஜூலை வரவு முந்நூற்றுப் பத்து வெள்ளி;
அதில் ஐம்பது, கோயில் உண்டியல் என்று நினைத்து
யாரோ தவறிப் போட்டது.
செலவு: லோரி வாடகை, கையுறை,
லெட்சுமணசாமியைத் தேள் கொட்டிய வகையில் மருந்து.
அள்ளியது: டயர் இருநூற்றுப் பதினாலு,
எண்ணாமல் விட்ட மெத்தைகள்,
பாதி பியானோ.

புல்லை யாரும் நடவில்லை, வந்தது.
பின்னாலேயே தும்பி.
மூன்றாம் எண் கடையில் கானாங்கோழி குடிபுகுந்தது,
முன்பணம் தராமல்.

தகராறு வந்தது தொட்டியால்.
மாதிரி வீட்டுக்கென்று இறக்கிய வெள்ளைத் தொட்டி,
ஒருவரும் குளிக்காதது,
மழையில் நிரம்பியிருந்தது.
உள்விளிம்பில் கைப்பிடியளவு நுரை,
ஒட்டுக்கடைத் தே தாரிக்கின் தலையை
வழித்து அப்பியதுபோல.

"மரத்தவளை முட்டை" என்றாள் யோகாம்பிகை.
"டிங்கி வரும்" என்றார் ஸைத்தூன்,
கிளினிக்கில் பதினெட்டு வருஷம் ஊசி போட்டவர்.
தேங்கின தண்ணீருக்கு அபராதம் ஐந்நூறு என்றார்.
கையிருப்பு நூற்று நாற்பது.
நான் கவிழ்க்கிற கட்சி.

யாரும் லிம் கியோக் சூனைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க
ஆளுக்கொரு மூலையில் மண்ணில் எதையோ தேடினோம்.
இரும்புச் சாமான் கடைக்காரர்,
மண்வெட்டியை வாங்கின விலைக்கே தருபவர்.
மகள் மெய் யுன், ஐந்தாம் படிவம்.
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்,
நாலே நாள் காய்ச்சல்.
அப்போது இந்த நிலத்தில் டயர்கள் இருந்தன.

லயத்துப் பிள்ளைகளோடு கோலி அடித்து வளர்ந்தவர்.
"இருக்கட்டும்லா" என்றார்,
"நான் பாத்துக்குறேன்."

மறுநாள் விடியலில் வெள்ளை அகப்பையோடு வந்தார்.
முக்குவார். வெளிச்சத்தில் சாய்ப்பார்.
மயிரிழையாய் ஏதும் நெளிந்தால்
சிமெந்தில் ஊற்றி
காயும்வரை நின்று பார்ப்பார்.
நுரை ஒழுகி
கறுப்புப் புள்ளிகள் தண்ணீரில் விழுந்த அன்று
கடையை மத்தியானம்தான் திறந்தார்.

தீபாவளியன்றும் வந்தார்.
முறுக்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் அகப்பை.
"நாலு காலும் வந்தாச்சு," என்றார்,
"வாலு மட்டும் பாக்கி."

பிறகு ஓர் இரவு நல்ல மழை.
காலையில் விளிம்பெல்லாம் நகத்தளவு தவளைகள்,
சேம்பிலைக்குத் தாவுவதும்
பாதியில் விழுவதும் மறுபடி ஏறுவதும்.
ஒன்றைக் கானாங்கோழி கொத்திக்கொண்டு போயிற்று.
அவர் விரட்டவில்லை.

கடைசி வால் கரையேறும்வரை இன்னும் நாலு நாள்.
அப்புறம் முழங்கை நனையக் கையை விட்டு
அடைப்பானைப் பிடுங்கினார்.
தண்ணீர் சுழன்று இறங்கிய சத்தம்
ஆள் இருக்கிற வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது.

அகப்பை என்ன விலை, கணக்கில் எழுதணும் என்றேன்.
அடைப்பானைத் துடைத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டே
"அடுத்த மழைக்கு இது வேணும்" என்றார்,
கேட்டதற்குப் பதில் சொல்லாமல்.