இலவசச் சங்கிலி

ஊறணிச் சந்தியில் இறங்கி
மூன்றாவது ஒழுங்கை என்றான் போனில்.
கேற்றில் ஜேர்மன் ஷெப்பர்ட் படம்,
நாக்கு மட்டும் வெயிலில் வெளிறியிருந்தது.

தவசீலன் நல்ல பேச்சுக்காரன்.
சோடா உடைத்துத் தந்தான்.
பிளாஸ்டிக் உறையிட்ட பத்திரம் ஒன்று காட்டினான்,
தகப்பன் நாயின் பெயர் என் பெயரைவிட நீளம்.
கூடையில் ஐந்து குட்டி.
ஒன்று என் செருப்பு வாரைக் கடித்தது.
அவ்வளவுதான்.
ஐயாயிரம் கை மாறிவிட்டது, அட்வான்ஸ்.

"சங்கிலி ஃப்ரீ அக்கா."
புதுச் சங்கிலி, நிக்கல் பூச்சு.
போட்டதும் கைப்பை ஒரு பக்கம் சரிந்தது.

தாயைப் பார்க்கலாமா என்றேன்.
இதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.
தாய் தம்பி வீட்டில், வாழைச்சேனையில் என்றான்.
அந்நேரம் பார்த்து
தகர மறைப்புக்குப் பின்னால்
யாரோ ஒரு வெறுங்கோப்பையை
நக்கி நக்கித் தள்ளும் சத்தம்.
வாழைச்சேனை அவ்வளவு கிட்டவா இருக்கிறது?

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
ஒரு துளி இரத்தத்தை வைத்து
ஆள் எப்படியென்று எழுதிக் கொடுக்கிறவள் நான்.
கை கழுவ வேண்டும் என்று எழுந்து போனேன்.

கம்பிவலைத் தரை.
தேய மண் கிடைக்காத நகங்கள்
வளைந்து விரலுக்கே திரும்பியிருந்தன.
வயிறு வலையில் படிந்து
கட்டம் கட்டமாய் அச்சு.
என்னைக் கண்டதும் வால் ஆடியது.
ஆடாமல் இருந்திருக்கலாம்.

"வயசு?"
"நாலு."
"எத்தனையாவது ஈற்று?"
"அஞ்சு இருக்கும்."
"இதைத் தருவீங்களா?"
"அதில இன்னும் ரெண்டு கிடக்கு அக்கா" என்றான்,
டின்னில் மிச்சமுள்ள பால்மாவைச் சொல்வதுபோல.

செருப்பு வாரைக் கடித்ததையாவது
தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்.
அப்படிப் பாவம் பார்த்துத் தூக்குகிறவர்களின் காசில்தான்
ஆறாவது ஈற்று.
தெரியும்.
தெரிந்தும் பஸ்ஸில் இரண்டு தரம் இறங்கப் பார்த்தேன்.

பிறகொரு ஞாயிறு,
பாலமீன்மடு, வெளிச்சவீட்டுப் பக்கம்.
வெல்டிங் வேலை செய்யும் நெவில் ரொசைரோ
கேற்றைத் திறக்காமலே பேசினார்.
தாய்தான் முதலில் வந்தது,
கம்பி இடுக்கால் என் பையை மோந்தது.
"குட்டி இல்ல. போன வருஷம் போட்டவள்,
இந்த வருஷம் அவளுக்கு லீவு."
பேராதனைக்குக் கொண்டுபோய்
அவளுடைய இடுப்பை எக்ஸ்ரே எடுத்தவர்
வேன் கூலியைத்தான் பெரிதாகச் சொன்னார்.

விசாரிக்கப் போனவள் நான்.
கேட்டதெல்லாம் அவர்.
பகலில வீட்டில யார்?
தங்கச்சி என்றேன்.
மாரியில தண்ணி ஏறினா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவீங்க,
அங்க நாயை விடுவாங்களா?
தெரியாது என்றேன்.
கட்டி வைப்பீங்களோ?

நான் வாய் திறக்குமுன்
பைக்குள் சங்கிலி கிலுங்கியது.

"கடல் வந்த அண்டைக்கு
எங்களிட்ட ரெண்டு நிண்டது.
அவுட்டு விட்டிருந்தது
நாலாம் நாள் தானா வந்தது."
மற்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.
பையை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி கட்டாரில" என்றேன் பிறகு.
"நாலு வருஷம்."
அவர் கோபிக்கவில்லை.
கொப்பி ஒன்றை எடுத்துவந்து
பதினோராவது வரியில் என் பெயரை எழுதி
பக்கத்தில் 'நைட் டியூட்டி' என்று போட்டார்.
"அது மாறினாச் சொல்லுங்க."
கேற் அப்போதும் திறக்கவில்லை.

தவசீலன் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை.
சங்கிலியை நானும் கொடுக்கவில்லை.
போன மாரியில் கொளுக்கி கழன்ற
நாவற்குடா வீட்டுக் கேற்றுக்கு
இப்போது அதுதான் பூட்டு.
இராக்காற்றில் அது கிலுங்கினால்
நாய் வாங்கியாச்சோ என்று
காலையில் பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

பதினோராவது ஆள் என்கிறேன்.
அவர்களுக்கு விளங்கவில்லை.