நாலு மூலை

வங்கிப் படிவத்தின் பதினோராவது கேள்வி:
நாள் வருமானம், எதிலிருந்து எதுவரை?

பாசையூர்க் கரையில் நண்டு வாங்கி
கொழும்புக் கொம்பனிக்கு ஏற்றிவிடுகிறவள் நான்.
என் நாளில் ஆடுகிற எண்கள் இரண்டே இரண்டு.
தராசில் விழுவது இருபது கிலோவுக்குக் குறையாது.
தொண்ணூறைத் தாண்டாது,
அதற்குமேல் என் ஐஸ்பெட்டி பிடிக்காது.
கிலோவுக்கு மிஞ்சினால் நானூறு ரூபாய் வரை மிஞ்சும்.
மிஞ்சாத நாளில் கையிலிருந்து போவது
நூற்றைம்பது வரை.

சின்னதைச் சின்னதால், பெரியதைப் பெரியதால்.
கவுண்டரில் நின்றபடியே பெருக்கினேன்.
கீழே மூவாயிரம் நட்டம்,
மேலே முப்பத்தாறாயிரம் லாபம்.
'கணக்கில கெட்டிக்காரிதான்' எண்டார் கடன் அலுவலர்.
முத்திரை குத்தினார்.

இரவு இரண்டு மணிக்கு முழிப்பு.
சோளகம் கூரைத் தகரத்தைத் தட்டுகிறது.
யூஜின் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
நட்டத்தில் ஓடுகிற நாளில்
இருபது கிலோ வாங்கினவளா அதிகம் இழப்பாள்?
தொண்ணூறு வாங்கினவள் அல்லவா!

எழும்பி, பால்மா மட்டையின் பின்பக்கத்தில்
ஒரு பெட்டி கீறினேன்.
மூலைக்கு ஒரு பெருக்கல்.
மூவாயிரம் போகும்.
எண்ணாயிரம் வரும்.
முப்பத்தாறாயிரம் வரும்.
நாலாவது மூலையில்
பதின்மூவாயிரத்து ஐந்நூறு,
அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு,
தொண்டையில் நிற்கும் மீன்முள் மாதிரி.

அந்த மூலை எனக்குத் தெரியும்.
போன ஆனியில் அங்கே நின்றிருக்கிறேன்.
வள்ளமெல்லாம் வலை நிறைய வந்த காலை,
வாங்கி முடிந்த பிறகு கொம்பனி போன் எடுத்து
விலை விழுந்துபோச்சு எண்டது.
அதற்குப் பிறகும் மரியாம்பிள்ளைக்கும் மகன்களுக்கும்
சொன்ன விலைக்கே காசு எண்ணினேன்,
சிரித்த முகத்தோடு,
கிலோ கிலோவாக இழந்தபடி.

எதிர் மூலையில், முப்பத்தாறாயிரத்தில்,
ஒரு நாளும் நான் நின்றதில்லை.
கரை முழுக்க நண்டாகக் கிடக்கையில்
விலை எப்படி நிமிரும்?
நிலவு காலத்தில் நண்டுக்குச் சதை இல்லை,
அப்போது நிறையும் விலையும் சேர்ந்தே இறங்கும்.
இரண்டு எண்களும் ஒன்றையொன்று அறியாதவை இல்லை.
ஒன்றின் காதில் மற்றது என்னவோ சொல்லிவிடுகிறது.
பெட்டிக்கு அது கேட்காது.
இதற்கு வெளியே போகமாட்டாய் என்று மட்டும் சொல்லும்.
உள்ளே எங்கே நிற்பாய் என்று கேட்டால்
மட்டை, மட்டையாகவே இருக்கும்.

சயத்தைச் சயத்தால் பெருக்கினால் சக என்று
சிஸ்டர் ஜெசிந்தா கரும்பலகையில் எழுதிப்போட்டார்.
என் பெட்டிக்குள் அதற்கு வேலை இல்லை,
இருபதுக்குக் கீழே கிலோ இறங்குவதில்லை.
இந்த அறைக்குள் இருக்கிறது:
அவன் கதைக்காத மூன்று நாள்,
நான் கதைக்காத மூன்று நாள்.
பெருக்கிப் பார்த்தேன்.
ஒன்றும் கூடவில்லை, சிஸ்டர்.

விடிந்ததும் வங்கிக்குப் போனேன்.
'கீழ் எண் பிழை, திருத்த வேணும்.'
அலுவலர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
'எண்ணுக்கு முன்னால கோடு போட
இதில இடமில்லைத் தங்கச்சி.
உங்கட மூவாயிரத்தையே நான்
சைவரா மாத்தித்தான் ஏத்தினனான்.'

அப்போ இந்தக் கரையில் எல்லோருக்கும்
நாள் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது.
ஒருவருக்கும் கடலில் எதுவும் போகவில்லை.
நல்லது.

திரும்பி வர வெயில் ஏறிவிட்டது.
யூஜின் தராசைக் கழுவி வைத்திருந்தான்.
'நாப்பத்தொண்டு' எண்டான்.
மூன்று நாளில் முதல் சொல், அதுவும் எண்.
கிலோவுக்கு அறுபது மிஞ்சும் இன்று.
பென்சிலால் எழுதினேன்:
இரண்டாயிரத்து நானூற்று அறுபது.
நாலு மூலைக்கும் தூரம்.

ஐஸ் இன்னும் கொட்டாத பெட்டியில்
உயிர் போகாத நண்டு ஒன்று
விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்து
அப்படியே நின்றது.