உறவுக் கட்டம்

உயில் எழுதாமல் செத்துப்போன
ஒரு கிழட்டு மாலுமியின் வீட்டுக்கு
யார் யார் பங்காளி என்று
மணிக்கூலிக்குத் தேடுகிறேன்.
அபர்தீன், மூன்றாம் மாடி.
சன்னலில் மழை
குறுக்குவாட்டில் பெய்கிறது.

கிரெய்க்ஹேவன்:
அறுபது கூரை, நான்கே குடும்பப்பெயர்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில்
உயிரோடிருந்த ஜார்ஜ் மேர்கள் ஏழு பேர்.
ஊர் அவர்களைப் பட்டப்பெயரால்
பிரித்து வைத்திருந்தது:
ஊசி, வாளி, ஞாயிறு, கோணக்கால்,
ஒருவனுக்கு வெறும் ‘ம்’.
பதிவாளர் வெளியூர்க்காரர்.
பட்டப்பெயர் மரியாதையில்லை என்று
ஏழு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டார்.

மூத்தவனுக்கு அப்பனைப் பெற்றவர் பெயர்,
அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர்,
செத்த பிள்ளையின் பெயர்
பின்னால் வரும் பிள்ளைக்கு.
அண்ணன் தம்பி இருவர்
அக்கா தங்கை இருவரைக் கட்டினார்கள்.
ஓரகத்திகள் உடன்பிறந்தவர்கள்,
சகலைகள் கூடப்பிறந்தவர்கள்.
எந்த வழியில் பெரியம்மா என்று கேட்டால்
இரண்டு வழியிலும்.
நான்கு நிறப் பென்சில் வைத்திருந்தேன்.
போதவில்லை.

இனி, பெத்தியா.

பிறப்புப் பதிவில் அலெக்சாண்டர் ஸ்லேட்டர்
தானே கையெழுத்திட்டிருக்கிறார், தகப்பன் என்று.
எழுபத்தொன்றின் குடிக்கணக்கு:
பெத்தியா, வயது இரண்டு. உறவு: மகள்.
‘தாய்’ மார்கரெட்டுக்கு ஐம்பத்தொன்று.
எண்பத்தொன்று. கிழவர் போய்விட்டார்,
மூத்த மகன் வில்லியம் குடும்பத்தலைவன்.
பெத்தியா, பன்னிரண்டு. உறவு: தங்கை.
தொண்ணூற்றொன்றில் வேறொரு வீடு,
எல்ஸ்பெட்டைக் கட்டிய ஜார்ஜ் மேரின் வீடு.
பெத்தியா, இருபத்திரண்டு. உறவு: கொழுந்தியாள்.
பத்து வருடத்துக்கு ஒரு முறை
கதவைத் தட்டிக் கேட்டார்கள்.
ஒரு முறைகூட யாருக்கும் வாய் குழறவில்லை.

சபை மூப்பர் கூட்டத்தின் குறிப்பேடு
தனி அலமாரியில் இருந்தது.
அறுபத்தெட்டு, டிசம்பர்:
எல்ஸ்பெட் ஸ்லேட்டர், மணமாகாதவள், வயது பதினேழு.
அழைக்கப்பட்டாள். வந்தாள்.
கேட்கப்பட்டது. ஒப்புக்கொண்டாள்.
யார் என்றதற்கு: ஜார்ஜ் மேர்.

எந்த ஜார்ஜ் மேர் என்று
எழுதியவர் கேட்கவில்லை.
அந்த மேசையைச் சுற்றி
அமர்ந்திருந்த மூப்பர்களிலேயே
இருவர் ஜார்ஜ் மேர்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
இந்த ஊர்
எங்கிருந்தோ ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறது.

ஆறு வருடம் கழித்து அவளைக் கட்டியவன்
அதே ஜார்ஜா?
அதே ஆள் என்றால்
சொந்த மகளை ஏன் கொழுந்தியாளாக்கினான்?
வேறு ஆள் என்றால்
தெரிந்துதான் வீட்டில் வைத்துக்கொண்டானா?
தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

பெத்தியா.
தெருவில் நின்று கூப்பிட்டால்
கேள்வி கேட்பதுபோல் இருக்கும் பெயர்.
எல்ஸ்பெட் அதைத்தான்
விளக்கு வைக்கும் நேரமெல்லாம்
வாசலில் நின்று கூப்பிட்டிருப்பாள்.

பிறகு, மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி.
இறப்புப் பதிவு.
பெத்தியா, முப்பத்துநான்கு, காசநோய்.
தகவல் தந்தவர்: எல்ஸ்பெட் மேர்.
எழுத்தறியாதவள்; பேனா அழுந்தி
தாளைக் கிழித்த ஒரு பெருக்கல் குறி.
உறவு என்ற கட்டத்தில்
பதிவாளர், ஊரறிந்த விஷயம்தானே என்று,
முதலில் ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறார்.
அதன்மேல் ஒரே கோடு.
கோட்டுக்கு மேலே, சிறிய எழுத்தில்:
தாய்.

படிக்கத் தெரியாதவள்
படித்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கையில் நான் எழுதவேண்டியது இவ்வளவுதான்.
பெத்தியாவின் கிளை ஒரு தலைமுறை கீழே இறங்குகிறது.
ஃபிரேசர்பரோவில் மீன் வெட்டும் கூடத்தில் வேலைசெய்யும்
ஷீனா புக்கனுக்கு, நூலைப் பிடித்துப் பார்த்தால்,
எட்டில் ஒன்று இல்லை, பதினாறில் ஒன்று.
நாளை தொலைபேசியில் சொல்லவேண்டும்.
திட்டினாலும் திட்டுவார்.
தகப்பன் கட்டத்தில் பென்சிலால்:
ஜார்ஜ் மேர், ஏழில் ஒருவன்.

இன்றைய கணக்கு ஆறரை மணி நேரம்.
ஆறு என்று போட்டிருக்கிறேன்.
அரை மணி நேரம்
அந்தக் கோட்டைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.